கமிஷன் கொடுத்தால் குற்றமாகும் துறை

அமெரிக்காவில் வணிக வழக்குகளையும் மருத்துவத்துறைச் சட்டத்தையும் சேர்த்துப் பார்க்கும் வக்கீல் என்று சொன்னால், "அப்போ டாக்டர் தப்பா ஆபரேஷன் பண்ணிட்டா கேஸ் போடுறது நீங்கதானா?" என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். இல்லை, அதற்கென்று தனி வக்கீல்கள் இருக்கிறார்கள். என்னிடம் வருவதெல்லாம் பணமும் காகிதமும்தான்: சேர்ந்து கிளினிக் நடத்திய டாக்டர்கள் பிரியும்போது வரும் சண்டை, வேலையை விட்ட டாக்டர் அதே வட்டாரத்தில் தொழில் செய்யக்கூடாது என்ற நிபந்தனை, பில்லுக்குப் பணம் தர மறுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனி.

இந்த வேலைக்கு வர நினைக்கும் இளையவர்களிடம், முதலில் வணிக வழக்குகளைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். ஒப்பந்தத்தைப் படிப்பது, ஆவணங்களைக் கேட்டு வாங்குவது, சாட்சியைப் பதிவுசெய்யும் டெபோசிஷனில் பொறுமையாகக் கேள்வி கேட்பது (கூட்டாட்சி நீதிமன்ற விதிப்படி ஒரு சாட்சிக்கு ஒரே நாள், 7 மணி நேரம்) எல்லாம் அங்கேதான் கைவரும். ஆனால் அங்கே பழகிய ஒரு நினைப்பை இங்கே வாசலிலேயே விட்டுவிட வேண்டும். மற்ற தொழில்களில் வாடிக்கையாளரை அனுப்பி வைத்தவருக்குக் கமிஷன் தருவது சாதாரண விஷயம். இங்கே மெடிகேர் போன்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கும் நோயாளியை அனுப்பியதற்கென்று தெரிந்தே பணம் கொடுத்தாலும் வாங்கினாலும் கிரிமினல் குற்றம், 1972-லிருந்தே அப்படித்தான். அதன் மேல் ஸ்டார்க் சட்டம் வேறு. லேப், ஸ்கேன் போன்றவற்றுக்கு நோயாளிகளை அனுப்பும் டாக்டருக்கும் அந்த இடத்துக்கும் பணத் தொடர்பு இருந்தால், அது சட்டம் சொல்லும் விதிவிலக்கு ஒன்றுக்குள் முழுதாகப் பொருந்த வேண்டும். கெட்ட எண்ணம் இருந்ததா என்ற கேள்வியே கிடையாது. மருத்துவமனைக் கட்டடத்தில் டாக்டருக்குச் சந்தை வாடகையைவிடக் குறைவாக அறை கொடுத்திருந்தாலே சிக்கல்தான். இரு தரப்பும் மனமொத்துக் கையெழுத்துப் போட்டதாயிற்றே என்ற வாதம் இங்கே எடுபடாது.

இதெல்லாம் பெரிய வழக்காக வெடிப்பது, அரசிடம் பொய்யாகப் பணம் கேட்பவர்களைப் பிடிக்க 1863-ல் வந்த பொய்க் கோரிக்கைச் சட்டத்தால் (False Claims Act). உள்நாட்டுப் போரில் ராணுவத்துக்கு மட்டமான சரக்கை விற்றவர்களைப் பிடிக்க லிங்கன் காலத்தில் கொண்டுவந்தது. இன்று அது மருத்துவ பில்களின் மீது பாய்கிறது. அரசுக்கு ஆன நஷ்டத்தைப்போல மூன்று மடங்கு கட்ட வேண்டும், ஒவ்வொரு பொய் பில்லுக்கும் தனி அபராதம். உள்ளிருந்து விஷயத்தைச் சொன்ன ஊழியரே அரசின் சார்பில் வழக்குப் போடலாம், அரசும் சேர்ந்துகொண்டு பணம் வசூலானால் பொதுவாக 15 முதல் 25 சதவீதம் அவருக்கு. எனக்கு இந்தச் சட்டத்தின் மேல் மிகுந்த மரியாதை உண்டு, மருத்துவமனைகளுக்காக வாதாடும் நாட்களிலும்கூட. பில் போடும் மேஜையில் இருப்பவர் கண்ணில் படுவது, எந்தத் தணிக்கையாளர் கண்ணிலும் அவ்வளவு சீக்கிரம் படாது.

வழக்கு எங்கே நிற்கும், எங்கே விழும் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். ஏற்கெனவே வந்துபோகும் நோயாளியை டாக்டர் பார்த்தால் பில்லில் 99213 அல்லது 99214 என்று எண் போடுவார்கள், பின்னதற்குப் பணம் அதிகம். நேரத்தை வைத்துப் போட்டால் 99214-க்குக் குறைந்தது 30 நிமிடம் வேண்டும். ஒரே நாளில் ஒரே டாக்டர் பெயரில் ஐம்பது 99214 இருந்தால் 25 மணி நேரம் ஆகிறது. மாட்டிக்கொண்டார் என்று தோன்றும், அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, நேரத்தை வைத்து மட்டுமல்ல, நோயின் சிக்கலையும் எடுத்த முடிவையும் வைத்தும் அந்த எண்ணைப் போடலாமே என்பார். சொல்வது சரிதான். உடனே ஐம்பது பேரின் மருத்துவக் குறிப்புகளையும் எடுத்து வரிவரியாகப் படிக்க வேண்டும்: மருந்தை மாற்றினாரா, புதுப் பரிசோதனை எழுதினாரா, அல்லது போன முறை எழுதிய பத்தியே எழுத்து மாறாமல் எல்லோருக்கும் ஒட்டப்பட்டிருக்கிறதா? அப்படி ஒட்டிய பத்தி கிடைத்துவிட்டால் டெபோசிஷனில் அதிகம் பேச வேண்டியதில்லை, இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வாசிக்கச் சொன்னால் போதும்.

அதனால்தான் கோர்ட்டில் பேசும் ஆசையோடு வரும் ஜூனியர்களுக்கு முதலில் பில்லிங் படிக்கச் சொல்கிறேன். பெரும்பாலான சிவில் வழக்குகள் விசாரணை மேடைக்கே போகாமல் சமரசத்தில் முடிகின்றன. அந்தச் சமரசத் தொகையைத் தீர்மானிப்பது, ஐம்பது பேரின் குறிப்புகளையும் யார் முழுதாகப் படித்தார்கள் என்பதுதான்.