மூன்று படி ஏறிய வீடு

சென்னை மடிப்பாக்கத்தில் அப்பா இந்த வீட்டைக் கட்டியது 1996இல். அப்போது தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் வாசலுக்கு வரவேண்டும். இப்போது இரண்டு படி இறங்கி வருகிறோம். வீடு புதையவில்லை, ரோடு ஏறிவிட்டது.

ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தாரைப் போட்டார்கள். நடுவில் கேபிளுக்குத் தோண்டுவார்கள், அப்புறம் சாக்கடைக் குழாய்க்குத் தோண்டுவார்கள், மூடும்போது இன்னொரு அடுக்கு ஜல்லி கொட்டுவார்கள். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021இல் அரசே சொன்னது. அதற்குள் எங்கள் வாசல் ரோட்டுக்குக் கீழே போயிருந்தது.

எதிர் வீட்டு அண்ணன் தன் பி.எஃப். பணத்தை எல்லாம் போட்டு வீட்டையே தூக்கினார். வடக்கிலிருந்து வந்த ஆட்கள் சுவரின் அடியைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, இரும்புச் சட்டம் கொடுத்து, வரிசையாக ஜாக்கி வைத்தார்கள். ஒருவர் குரல் கொடுப்பார், எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு சுற்றுத் திருப்புவார்கள். ஒரு நாளைக்குச் சில அங்குலம்தான் ஏறும். ஏறிய இடைவெளியில் செங்கல் வைத்துக் கட்டிக்கொண்டே வந்தார்கள். நாலு அடி ஏற்றியும் சுவரில் ஒரு கீறல் இல்லை. அம்மா தினமும் வாசலில் நின்று கைகூப்பிக்கொண்டே பார்த்தாள். அண்ணன் வாசலையும் மண் அடித்து மேடாக்கிக்கொண்டார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. அண்ணன் வீட்டுக்குள் ஒரு சொட்டு நுழையவில்லை. எங்கள் கூடத்தில் முழங்கால் வரை தண்ணீர். முன்பெல்லாம் அவர் வாசலிலும் எங்கள் வாசலிலும் பங்கு போட்டு நின்ற தண்ணீர் அந்த வருஷம் மொத்தமாக எங்கள் பக்கம் வந்துவிட்டது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்று இரவு அப்பாவைத் தோளில் தாங்கித் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனதும் அவர்தான்.

ஆனால் இந்தத் தண்ணீர் எங்கேதான் போகும்? சுற்றியுள்ள ஏரிகள் நிரம்பினால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகவேண்டும். அங்கே கொஞ்ச நாள் தங்கி, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் பக்கம் கடலில் சேரும். 2022இல் அந்தச் சதுப்பு நிலத்துக்கு உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது, சுமார் 1,247 ஹெக்டேருக்கு. மனதார மகிழ்ந்தேன். ஒரு காலத்தில் அது இதைப்போலப் பல மடங்கு பரந்து கிடந்தது. பெருங்குடியில் குப்பையைக் கொட்டியும், ரோடு போட்டும், கட்டடங்கள் எழுப்பியும் மீதியைத் தின்றுவிட்டோம். எங்கள் மனையும் நெல் விளைந்த நஞ்சைதான். முதல் இரண்டு வருஷம் ராத்திரி முழுக்கத் தவளைச் சத்தம் கேட்டது நினைவிருக்கிறது.

தேங்க இடமில்லாமல் கடலுக்கு ஓடிய தண்ணீருக்காக 2019 கோடையில் நாங்கள் காத்துக் கிடந்தோம். போர்வெல் வற்றிவிட்டது. ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்த வருஷம் அது. தண்ணீர் லாரிக்குப் பதிவு செய்துவிட்டு, நடுராத்திரி ஹாரன் கேட்டதும் தரைக்கடியில் இருக்கும் சம்ப் தொட்டியின் மூடியைத் திறக்க ஓடுவேன்.

இப்போது எங்கள் வீட்டையும் தூக்கிவிடலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். போன மாதம் ஆட்கள் வந்து அளந்து பார்த்தார்கள். எத்தனை அடி தூக்கவேண்டும் என்று கேட்டார்கள். ரோடு இன்னும் எவ்வளவு ஏறும் என்று தெரியாமல் என்ன சொல்வது? ஐந்து அடி என்றேன். அப்பா ஒன்றும் பேசாமல் கொல்லைப்பக்கம் போய் நின்றார். பின் தெருவில் இஸ்திரி போடும் அம்மாவின் ஓட்டு வீடு அங்கிருந்து தெரியும். அதை ஜாக்கி வைத்தெல்லாம் தூக்க முடியாது.

மதிப்பீட்டுத் தாள் டிவி மேல் கிடக்கிறது. அப்பா இன்னும் முன்பணம் கொடுக்கச் சொல்லவில்லை.