மணப்பெண்ணுக்குக் கட்டம் இல்லை

“நான் எங்கே கையெழுத்து வைக்க வேண்டும், மாமா?”

பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டுத்தான் கேட்டாள். விரல் நுனியெல்லாம் மருதாணிச் சிவப்பு.

“உனக்குக் கட்டம் இல்லை மகள். வாப்பா வைத்துவிட்டார்” என்றேன். அது உண்மை. இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் பெண்ணுக்காகக் கையெழுத்து வைப்பவர் அவளது வொலி, அதாவது வாப்பாவைப் போன்ற ஆண் பொறுப்பாளர். விவாகப் பதிவாளனான நான் படிவத்தில் புதிதாகக் கட்டம் வரைய முடியாது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கன்னிப் பெண்ணின் மௌனமே சம்மதம் என்ற நபிமொழியையும் எடுத்துவிட்டேன்.

“நான் மௌனமாக இல்லையே, மாமா.”

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேனாவை அவளிடமிருந்து வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன்.

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்டது கையெழுத்தைத்தான். இப்படிச் சொல்லித்தான் பல நாள் தூங்கினேன். ஆனால் அந்த நபிமொழி, வெட்கப்படும் பெண்ணிடமும் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்பதற்காக வந்தது. பேசுகிறவளின் வாயை அடைக்க அல்ல. கன்ஸா என்ற பெண்ணின் விருப்பமின்றி அவருடைய வாப்பா முடித்துவைத்த நிக்காஹை அதே நபிதான் செல்லாததாக்கினார். கன்ஸா முன்பே மணமானவர், கன்னிக்கு அது பொருந்தாது என்பார் என் மௌலவி நண்பர். கன்னி ஒருத்திக்கும் ஏற்கவோ மறுக்கவோ நபி உரிமை கொடுத்ததாக அறிவிப்பு உண்டே என்றால், ஷாஃபி மத்ஹப் என்ற சட்ட மரபில் வாப்பாவுக்குள்ள அதிகாரத்தை விளக்கத் தொடங்குவார். எனக்குப் பதில் ஓடாது.

சட்டத்தைத் திருத்த 2009இல் நீதியரசர் ஸலீம் மர்சூஃப் தலைமையில் குழு போட்டார்கள். 2018இல் அறிக்கை வந்தபோது உறுப்பினர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்திருந்தார்கள். அவர்களுக்கே ஒன்பது ஆண்டு போதவில்லை. எனக்கு அந்த அறையில் கிடைத்தது அரை நிமிடம். நியாயம்தானே? மாப்பிள்ளை கொடுக்கும் மஹர் பெண்ணின் உரிமை என்று குத்பாப் பிரசங்கத்தில் கேட்டு வளர்ந்தவன் நான். அன்று அந்தத் தொகையைக்கூட அவள் வாப்பா சொல்லத்தான் எழுதினேன். அவளிடம் வாசித்துக் காட்டவில்லை. அதற்குச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை.

என் மகளின் நிக்காஹுக்கு முதல் நாள் இரவு, வெள்ளைத் தாள் ஒன்றில் அவளுடைய சம்மதத்தை எழுதிக் கையெழுத்து வாங்கினேன். சட்டத்தில் அதற்கு மதிப்பில்லை. “இதெல்லாம் எதற்கு வாப்பா?” என்று சிரித்துக்கொண்டே போட்டாள். அலுமாரியில் இருக்கிறது.

அதன் பிறகும் எத்தனையோ நிக்காஹ் பதிந்துவிட்டேன். வேறொரு பெண்ணிடம் அப்படித் தாளை நீட்டியதில்லை. யாராவது கேட்டால் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை.