கடனே வாங்காதவனுக்குக் கடன் கிடைக்கவில்லை

வேலையில் சேர்ந்து மூன்று வருடம் கழித்து முதன்முறையாக ஒரு கடனுக்கு விண்ணப்பித்தேன். சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, கொஞ்சம் சேமிப்பும் இருந்தது, அதுவரை யாரிடமும் ஒரு பைசா கடன் வாங்கியதில்லை. அந்தக் கடைசி விஷயத்தைத்தான் பெரிய தகுதியாக நினைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஹிஸ்டரியே இல்லையே சார்" என்றார், அதாவது கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய வரலாறு. பிறந்ததற்கே அத்தாட்சி இல்லாத ஆளைப் பார்க்கிற பார்வை.

அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால் அவர் சொன்னதில் தப்பில்லை. நான் சிக்கனமானவனா, ஊதாரியா என்பதெல்லாம் அவருக்கு அடுத்த கேள்வி. வாங்கினால் சொன்ன தேதியில் திருப்பித் தருவேனா என்பதுதான் முதல் கேள்வி, வாங்கியே பார்க்காத ஒருவனைப் பற்றி அதை யார் சொல்ல முடியும்? சம்பளத்தையும் சேமிப்பையும் கடன் கேட்கும்போது தனியாகப் பார்ப்பார்களே தவிர, கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவோமா என்று காட்டுகிற எண்ணான கிரெடிட் ஸ்கோரில் பொதுவாக அவை சேர்வதில்லை. கை நிறையச் சம்பாதிக்கிற ஆளுக்கு மோசமான ஸ்கோர் இருப்பதும், சுமாரான சம்பளக்காரருக்குப் பிரமாதமான ஸ்கோர் இருப்பதும் இதனால்தான்.

இப்போது என் தங்கைக்கு முதல் வேலை கிடைத்திருக்கிறது. "கிரெடிட் கார்டு வாங்கட்டுமாண்ணா, பயமா இருக்கு" என்று கேட்டாள். அவளிடம் போனில் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். நமக்குக் கடன் கொடுத்தவர்கள் தொடர்ந்து நம் கணக்கை எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் மாதிரியான நிறுவனங்களுக்கு அனுப்புகிறார்கள். அந்தப் பதிவை, அதாவது கிரெடிட் ரிப்போர்ட்டை, வைத்துத்தான் ஸ்கோர் போடப்படுகிறது. அமெரிக்காவில் 1989-இல் வந்த ஃபைகோ ஸ்கோர் 300 முதல் 850 வரை போகும், இந்தியாவின் சிபில் ஸ்கோர் 300 முதல் 900 வரை. அளவுகோல் ஊருக்கு ஊர் மாறினாலும் பார்க்கிற விஷயங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஃபைகோ கணக்கில் தவணையைத் தேதிக்குக் கட்டினோமா என்பதற்கு 35 சதவீதம், எவ்வளவு பாக்கி நிற்கிறது என்பதற்கு 30, எத்தனை காலமாகக் கணக்கு இருக்கிறது என்பதற்கு 15, புதிதாக வாங்கிய கடன்களுக்கு 10, எத்தனை வகைக் கடன் என்பதற்கு 10. முதல் இரண்டிலேயே கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு வந்துவிடுகிறதல்லவா, அதனால் மற்றதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

ஹிஸ்டரியே இல்லாதவருக்குச் சாதாரண கார்டு கிடைப்பது கஷ்டம். வங்கியில் ஒரு தொகையை டெபாசிட்டாகப் போட்டு அதன் பேரில் கார்டு வாங்கலாம், நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். எப்படியும் மாதாமாதம் கட்டியாக வேண்டிய ஒரே ஒரு பில்லை அதில் போட்டுவிட்டு, கார்டின் முழுத் தொகையும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகிற மாதிரி வைத்துவிட வேண்டும். முழுத் தொகை என்பதை அடிக்கோடிட்டுப் படிக்கவும். ஸ்டேட்மெண்டில் 'மினிமம் ட்யூ', அதாவது குறைந்தபட்சம் கட்ட வேண்டியது, என்று கொஞ்சூண்டு தொகை போட்டிருப்பார்கள். அதை மட்டும் கட்டினால் லேட் என்று பதிவாகாதுதான், ஆனால் மீதிக்கு வட்டி ஏறும், பெரும்பாலான கார்டுகளில் அடுத்து வாங்குகிற பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். கொஞ்சம் பாக்கி வைத்தால்தான் ஸ்கோர் ஏறும் என்று ஒரு கதை சுற்றிக்கொண்டிருக்கிறது, சுத்தப் பொய்.

அப்புறம், எனக்கே ரொம்ப நாள் புரியாத ஒரு விஷயம். நான் ஒரு மாதம்கூடத் தவறாமல் முழுசாகக் கட்டிக்கொண்டிருந்தேன், ஆனாலும் ரிப்போர்ட்டில் லிமிட்டில், அதாவது கார்டில் அதிகபட்சம் செலவழிக்கக்கூடிய தொகையில், 90 சதவீதம் பாக்கி என்று வந்தது. எப்படி என்றால், கார்டுக்கு இரண்டு தேதி இருக்கிறது: பில் போடுகிற தேதி ஒன்று, கட்டுவதற்கான கடைசித் தேதி இன்னொன்று. என் லிமிட் 1000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 5-ஆம் தேதி பில் போடும்போது 900 நிற்கிறது, நான் 20-ஆம் தேதி முழுசாகக் கட்டிவிடுகிறேன். வட்டி ஒரு பைசா கிடையாது. ஆனால் பெரும்பாலும் பில் போடுகிற அன்று நிற்கிற பாக்கிதான் ரிப்போர்ட்டுக்குப் போகிறது. அங்கே நான் 1000-க்கு 900 இழுத்துவிட்டு மூச்சுத் திணறுகிற ஆள். 3-ஆம் தேதியே 700-ஐக் கட்டியிருந்தால் பில்லில் 200தான் நின்றிருக்கும், அதாவது 20 சதவீதம். 30-க்குக் கீழே வைத்துக்கொள்ளச் சொல்வார்கள், இன்னும் குறைந்தால் இன்னும் நல்லது. பல ஸ்கோர் முறைகளில் அடுத்த மாதம் பாக்கி குறைந்ததும் ஸ்கோரும் மீண்டுவிடும் என்பதால் இதற்காகத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை, பெரிய கடன் கேட்கப் போகிற நேரத்தில் கவனித்தால் போதும்.

லேட் பேமென்ட் அப்படி மறைவதில்லை. நான் இரண்டாவதாக வாங்கிய கார்டு முதல் வருடம் இலவசம், பிறகு ஆண்டுக் கட்டணம். அதைப் பயன்படுத்தாமல் மேசை டிராயரில் போட்டு மறந்தே போனேன், இடையில் போன் நம்பரும் மாறியிருந்தது. கட்டணம் விழுந்தது, அதற்கு அபராதம், அபராதத்துக்கு வட்டி. எனக்குத் தெரிய வந்தபோது இரண்டு மாதம் தாண்டியிருந்தது. தெரிந்த பத்தாவது நிமிடம் பணத்தைக் கட்டிவிட்டேன், ஆனால் பதிவு பதிவுதான். இந்த மாதிரிக் கறை அமெரிக்க ரிப்போர்ட்டில் 7 வருடம், பிரிட்டனில் 6 வருடம் வரை நிற்கும். பயன்படுத்தாத கார்டிலிருந்து வந்த அடி!

நிராகரித்துவிட்டார்களே என்று ஒரே வாரத்தில் ஐந்து இடத்தில் விண்ணப்பிக்காதீர்கள், ஒவ்வொன்றும் ரிப்போர்ட்டில் ஏறி, பணத்துக்குத் தவிக்கிற ஆள் என்று காட்டிவிடும். நம் ரிப்போர்ட்டை நாமே எடுத்துப் பார்த்தால் ஸ்கோர் குறையாது, வருடத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள், வேறு யாருடைய கடனோ நம் பேரில் உட்கார்ந்திருக்கலாம். நண்பருக்கு ஜாமீன் போடுவது பற்றி ஒன்றுதான் சொல்வேன்: அவர் கட்டாவிட்டால் நீங்கள்தான் கட்ட வேண்டும், அவர் தாமதித்தால் உங்கள் ஸ்கோரும் அடிவாங்கலாம். மறுக்கக் கூச்சமாக இருந்தால் என்னைக் கைகாட்டுங்கள், அண்ணன் திட்டுவார் என்று சொல்லிவிடலாம். தங்கைக்கு அந்த அனுமதியை ஏற்கெனவே கொடுத்துவிட்டேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த டிராயர் கார்டை மூடிட்டியாண்ணா?" என்றாள். மூடினேன். டெபாசிட் கட்டி வாங்கிய முதல் கார்டு மட்டும் இன்னும் இருக்கிறது, இருப்பதிலேயே பழைய கணக்கு அதுதான் என்பதால் அதைத் தொடவில்லை. லிமிட் சொற்பம்தான், மாதம் ஒரு இன்டர்நெட் பில் அதில் போகிறது.