இறங்கின திரை ஏறாதபோது

போன மாதம் ஒரு நீண்ட பயணத்தின் நடுவில் எங்கள் வண்டியின் கூரைத் திரை, பின்னால் உட்காருகிறவர்கள் படம் பார்ப்பதற்காகக் கூரையிலிருந்து மடங்கி இறங்குமே அது, மூட மறுத்துவிட்டது. ரிமோட்டை அழுத்தினேன், திரையின் ஓரத்தில் இருக்கிற பட்டனை அழுத்தினேன், வண்டியை அணைத்துவிட்டு மறுபடி கிளப்பினேன், ஒன்றும் நடக்கவில்லை. கூரைக்குள் மோட்டார் மட்டும் ‘ர்ர்ர்ர்’ என்று சத்தம் போட்டது, திரை அசையவே இல்லை. படம் முடிந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. குழந்தைகள் தூங்கிவிட்டார்கள். அந்தக் கறுப்புப் பலகை மட்டும் நட்ட நடுவில் தொங்கிக்கொண்டிருக்கிறது, நான் உள்கண்ணாடியைப் பார்க்கிறேன், பின்னால் வருகிற வண்டி எதுவும் தெரியவில்லை.

பகலில் இது அவ்வளவு பெரிய விஷயமில்லை, பக்கக் கண்ணாடிகளை வைத்துச் சமாளித்துவிடலாம். இரவில், மழையில், இரண்டு பக்கக் கண்ணாடியிலும் தண்ணீர் வழிகிறபோது உள்கண்ணாடி ஒன்றுதான் மிச்சம் இருக்கிற கண். அதையும் மறைத்துக்கொண்டு ஒரு பொழுதுபோக்குச் சாதனம் தொங்குகிறது. ஓரமாக நிறுத்தி, என் ஷூ லேஸைக் கழற்றி, திரையை ஒரு கையால் மேலே தள்ளிப் பிடித்து, ஜன்னலுக்கு மேலே இருக்கிற கைப்பிடியோடு சேர்த்து இழுத்துக் கட்டினேன். மனைவி டார்ச் பிடித்தாள். மீதி தூரம் முழுக்க ஒரு ஷூ லொடலொடக்க ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

அன்றிலிருந்து இந்த மடங்கும் திரைகள் மேல் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்துவிட்டது. வாங்கும்போது நாம் கேட்பது எத்தனை இன்ச், என்ன தெளிவு, எச்டிஎம்ஐ உண்டா, போன் இணையுமா. ஒரு கேள்வியை மட்டும் கேட்பதே இல்லை: கரண்ட் போனால் திரை எந்தப் பக்கம் போகும்?

இதற்குச் சரியான பதிலை விமானக்காரர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்களில், தலைக்கு மேலே விளக்கும் காற்றுக் குமிழும் இருக்கிற பட்டையிலிருந்து சில வரிசைகளுக்கு ஒன்றாகச் சின்னத் திரைகள் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பாதுகாப்பு விளக்கம் ஓடும், அப்புறம் எல்லாம் சேர்ந்தாற்போல் ‘டப் டப் டப்’ என்று மேலே போய்ப் படுத்துக்கொள்ளும். அந்த ‘டப்’தான் விஷயம். அங்கே மோட்டாருக்கு வேலை திரையை இறக்குவது மட்டும், அதுவும் ஒரு ஸ்பிரிங்கை எதிர்த்து. இறங்கின திரையைக் கரண்ட்தான் கீழேயே பிடித்து வைத்திருக்கிறது. கரண்ட் நின்றால், எந்தக் காரணத்துக்காக நின்றாலும் சரி, ஸ்பிரிங் அதை மேலே இழுத்துக்கொள்ளும். மூடிய நிலைதான் அதன் இயல்பு. திறந்திருப்பதற்குத்தான் அது பாடுபட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. யாராவது ஜன்னலோர இருக்கையிலிருந்து எழுந்து தலையை நேராக அந்தத் திரையில் மோதினால் என்ன ஆகும்? மோட்டாருக்கும் திரைக்கும் நடுவே அதிக பலம் விழுந்தால் நழுவிக்கொடுக்கிற ஒரு வழுக்கும் கிளட்ச் இருந்தால் திரை விட்டுக்கொடுத்துவிடும், உள்ளே இருக்கிற சக்கரத்தின் பல் உடையாது, தலையும் உடையாது. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பேர் ஏறி இறங்குகிற இடத்தில் ‘யாரும் கை வைக்க மாட்டார்கள்’ என்று நம்பி ஒரு பொருளைச் செய்ய முடியாது இல்லையா.

என் வண்டிக்கு வருகிறேன். ஊர் வந்து சேர்ந்ததும் முதல் வேலையாகத் திரையைக் கழற்றிப் பிரித்தேன். உள்ளே ஒரு சின்ன மோட்டார், அதற்குத் திருகு மாதிரி மரை ஓடுகிற ஒரு புழுச்சக்கரம், அதிலிருந்து வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு பல்சக்கரம். அந்தச் சக்கரத்தில் வரிசையாக மூன்று பல் இல்லை. மோட்டார் சுற்றுகிறது, பல் இல்லாத இடத்தில் வந்து சும்மா வழுக்குகிறது, அதுதான் அந்த ‘ர்ர்ர்ர்’. ஸ்பிரிங் கிடையாது, கிளட்ச் கிடையாது. திறப்பதும் மோட்டார், மூடுவதும் மோட்டார், நடுவில் எது போனாலும் போன இடத்தில் நிற்கும். புழுச்சக்கரம் இன்னும் மோசம், அது மோட்டாரிலிருந்து திரைக்குத்தான் விசையைக் கடத்தும், திரையைப் பிடித்துத் தள்ளினால் பின்னோக்கிச் சுற்றாது, தள்ளுகிற பலம் முழுவதும் அந்தப் பிளாஸ்டிக் பல்லின் மேல்தான் விழும்.

யார் தள்ளினது? விசாரணை நடந்தது. எங்கள் பழைய வண்டியில் இருந்தது கையால் இழுத்துத் திறக்கிற, கையால் தள்ளி மூடுகிற சாதாரணத் திரை. பெரியவளுக்கு அந்தப் பழக்கம். படம் முடிந்ததும் பொறுப்பாக எட்டி மேலே தள்ளி மூடியிருக்கிறாள், அதுவும் எத்தனையோ தடவை. அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. திறந்திருக்கிற ஒன்றைக் கையால் தள்ளி மூடுவது எந்த மனிதனும் செய்கிற காரியம்தானே, அதைத் தாங்காத மாதிரி ஒன்றைச் செய்து குழந்தைகள் உட்காருகிற இடத்துக்கு மேலே தொங்கவிட்டவர்களை என்ன சொல்வது.

இதே கதை அண்ணன் வண்டியில் வேறு உருவத்தில் நடந்தது, பல வருடம் முன்பு. அப்போதெல்லாம் டேஷ்போர்டில் ரேடியோவுக்கு விட்டிருக்கிற ஓட்டை அகலம் 180 மில்லிமீட்டர், உயரம் 50 மில்லிமீட்டர். டின் (DIN) அளவு என்பார்கள். ஏழு இன்ச் அகலத்திரையின் அகலம் சுமார் 155 மில்லிமீட்டர், உயரம் 87. அகலம் நுழைந்துவிடும், உயரம் நுழையாது. அதனால் திரையைப் படுக்கப்போட்டு உள்ளே தள்ளி வைத்தார்கள். பட்டனை அழுத்தினால் நாக்கை நீட்டுகிற மாதிரி முன்னால் வரும், அப்புறம் மெதுவாக நிமிர்ந்து நிற்கும். பார்க்க அவ்வளவு அழகு. வண்டியில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் அண்ணன் மூன்று தடவை திறந்து மூடிக் காட்டுவார். நிமிர்ந்து நின்றதும் அது ஏசி காற்று வருகிற வாயையும் அபாய விளக்குப் பட்டனையும் முழுதாக மறைக்கும் என்பது பிறகுதான் புரிந்தது.

அது ஒரு வெயில் நாளில் பாதி நீட்டிய நாக்கோடு நின்றுபோனது. உள்ளேயும் போகாது, நிமிரவும் செய்யாது. கியர் லீவரை முதல் கியருக்குத் தள்ளினால் கை அதில் இடிக்கும். ஒரு வாரம் அப்படியே ஓட்டினார், “பரவாயில்லடா, பழகிடுச்சு” என்றார். ஹேண்ட்பிரேக் போட்டால்தான் படம் ஓட வேண்டும் என்பதற்காக அந்த யூனிட்டில் ஒரு கம்பி தனியாக வரும், வண்டி ஓடும்போதும் படம் ஓடுகிற மாதிரி அதைப் பொருத்துகிறவர் நேராக எர்த்தில் முறுக்கிவிட்டுப் போயிருந்தார் என்பதையும் அன்றைக்குத்தான் பார்த்தோம். வண்டி ஓடும்போது ஓட்டுகிறவர் கண்ணுக்கு எட்டுகிற இடத்தில் படம் ஓடக்கூடாது என்று பல நாடுகளில் சட்டமே இருக்கிறது, அந்தச் சட்டத்தை ஒரு முறுக்குக் கம்பியால் ஏமாற்றிவிடலாம் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

வண்டியோடு சேர்ந்தே வந்த திரைகள் ஓரளவு பரவாயில்லை. கூரையிலிருந்து மடங்கி இறங்குகிற திரை, அதற்கு ஒரு வீடியோ கேசட் பிளேயர் என்று 1999லேயே ஓல்ட்ஸ்மொபைல் சில்லவெட் என்ற அமெரிக்க வேனின் பிரீமியர் மாடலில் வந்துவிட்டது. திரை வெறும் 5.6 இன்ச், இன்றைய சாதாரண போனைவிடச் சிறிது, அதை மூன்றாம் வரிசையிலிருந்து எப்படிப் பார்த்தார்களோ. ஆடி தன் 2012 ஏ3 வண்டியில் 11 மில்லிமீட்டர் கனமே உள்ள திரையை டேஷ்போர்டுக்குள்ளிருந்து எழுந்து வருகிற மாதிரி வைத்தது. ஓட்டுகிறவருக்கு எரிச்சலாக இருந்தால் உள்ளே அனுப்பிவிடலாம், இரவில் வெறும் சாலை மட்டும் முன்னால். எனக்கு அது மிகவும் பிடித்த யோசனை. அடுத்த தலைமுறையில் எடுத்துவிட்டார்கள், அசையாத திரையைப் பதித்துவிட்டார்கள். அசைகிற பாகம் என்றால் செலவு, பழுது. ஒத்துக்கொள்கிறேன், ஆனாலும் மறைந்துகொள்ளத் தெரிந்த திரை ஒரு மரியாதையான பொருள்.

இப்போது உச்சத்தில் இருப்பது பிஎம்டபிள்யூவின் 7 சீரிஸ், 2022ல் வந்தது. கூரையிலிருந்து 31.3 இன்ச் 8கே திரை பின்னிருக்கைக்காரர்களுக்காக மடங்கி இறங்கும், ஜன்னல் திரைச்சீலைகள் தானாக மூடிக்கொள்ளும், ஒரு சின்ன இசை வேறு வரும். 31 இன்ச் என்றதும் எல்லோரும் வாயைப் பிளக்கிறார்கள். நான் ஒரு கணக்குப் போட்டேன். அந்தத் திரையின் அகல-உயர விகிதம் 32:9. அகலம் முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் மேல், உயரம் 22 சென்டிமீட்டர்கூட இல்லை. 16:9 விகிதத்தில் எடுத்த ஒரு சாதாரண நிகழ்ச்சியை மேலும் கீழும் வெட்டாமல் போட்டால் அது சரியாகத் திரையின் பாதியைத்தான் நிரப்பும், அதாவது ஏறக்குறைய 17 இன்ச் லேப்டாப்பில் பார்க்கிற மாதிரி, இரண்டு பக்கமும் கறுப்பு. கூரைக்கும் முன்னிருக்கைத் தலைப்பகுதிக்கும் இடையில் கிடைக்கிற உயரம் அவ்வளவுதான், அதற்கு மேல் வேண்டுமென்றால் பக்கவாட்டில்தான் நீள முடியும். இத்தனை அகலத்தில் ஒன்று இறங்கினால் ஓட்டுநரின் உள்கண்ணாடியில் பின்பக்கச் சாலை எங்கே தெரியப் போகிறது. அந்த வண்டியில் பின்னால் உட்காருகிறவருக்குத் தனியாக ஓட்டுநர் இருப்பார், அவர் பாடு.

தலை மோதும் விஷயத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் கடையில் வாங்கிக் கூரையில் மாட்டுகிறவர்கள் அதிகம் யோசிக்காத பகுதி இதுதான். அமெரிக்காவில் வண்டியின் உட்கூரை, தூண்கள், பக்கவாட்டு உத்தரங்கள் இவற்றில் தலை மோதினால் எவ்வளவு அடி விழலாம் என்பதற்கு 1995ல் விதி கொண்டுவந்தார்கள். மனிதத் தலை மாதிரி ஒரு பொம்மையை மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் அந்த இடங்களில் மோதவிட்டு அளப்பார்கள். கூரை ஓரமெல்லாம் இன்று மெத்தென்று இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் கூரையில்தான் நாம் கூரான ஓரமுள்ள ஒரு கெட்டிப் பெட்டியை நான்கு திருகாணியில் தொங்கவிடுகிறோம். அதிலும் பலர் துணி ஒட்டின உட்கூரை அட்டையிலேயே மாட்டிவிடுவார்கள். அட்டைக்கு மேலே குறுக்காக ஓடுகிற இரும்புச் சட்டம் இருக்கிறது, அதில் பிடித்தால்தான் நிற்கும். திருகாணிக்குத் துளை போடும்போது பக்கவாட்டு ஏர்பேக் சுருண்டு கிடக்கிற பகுதிக்குப் பக்கத்திலேயே போகக்கூடாது. என் திரையைக் கழற்றியபோது அது சட்டத்தில்தான் இருந்தது, அந்த ஒரு விஷயத்தில் மாட்டினவரைப் பாராட்டுகிறேன்.

திரைக்குப் படத்தைக் கொண்டுபோகிற, கீலுக்குள் ஓடுகிற தட்டையான ரிப்பன் கேபிளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். திரை ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அது ஒரே இடத்தில் மடிகிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து உடைப்போமே, அதையேதான் நாம் தினமும் மிக மெதுவாகச் செய்துகொண்டிருக்கிறோம். முதலில் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் படம் பச்சையாகும், அப்புறம் கோடு விழும், அப்புறம் தட்டினால் வரும், அப்புறம் தட்டினாலும் வராது. உங்கள் திரை ஏதோ ஒரு கோணத்தில் மட்டும் ஒழுங்காக வேலை செய்கிறது என்றால் கேபிளைத்தான் முதலில் பாருங்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு, ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்துவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. விமானங்களிலேயே பாதிப் பேர் அந்த முடிவுக்கு வந்துவிட்டார்கள், 2017ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் புதிதாக வாங்கும் 737 மேக்ஸ் விமானங்களில் இருக்கைத் திரையே வைக்கப் போவதில்லை என்று அறிவித்தது, பயணிகள் கையில்தான் ஆளுக்கொரு திரை இருக்கிறதே என்பதுதான் காரணம். என் வீட்டில் அது நடக்காது. சின்னவனுக்கு மடியில் டேப்லெட்டை வைத்துக் குனிந்து பார்த்தால் பத்தாவது நிமிடம் வாந்தி. கண் ‘அசையவில்லை’ என்கிறது, காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு ‘வளைவில் போய்க்கொண்டிருக்கிறோம்’ என்கிறது, இரண்டுக்கும் நடுவில் வயிறு மாட்டிக்கொள்கிறது. கூரைத் திரையைப் பார்த்தால் தலை நிமிர்ந்திருக்கும், ஓரக்கண்ணில் ஜன்னலும் சாலையும் ஓடிக்கொண்டே இருக்கும், அவனுக்கு அது ஒத்துக்கொள்கிறது. தவிர, இரண்டு பேருக்கும் ஒரே திரை என்றால் சண்டை போட்டாவது ஒரே படத்தைப் பார்க்கிறார்கள், ஒரே இடத்தில் சிரிக்கிறார்கள்.

அதனால் திரையைத் தூக்கிப் போடவில்லை. புதுப் பல்சக்கரம் தேடினேன், தனியாகத் தரமாட்டார்களாம், முழு யூனிட்டாகத்தான் வாங்க வேண்டுமாம். சரி போங்கள் என்று மோட்டாரையே கழற்றி எடுத்துவிட்டேன். லேப்டாப் மூடி எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்குமே, அந்த மாதிரி இறுக்கமான கீல் இரண்டு வாங்கிப் பொருத்தி, மேலே தள்ளினால் கவ்விக்கொள்கிற கொக்கி ஒன்றும் போட்டேன். மூன்று சனிக்கிழமை போனது. ஒரு திருகாணி மிஞ்சியது, எங்கேயிருந்து வந்தது என்று இன்னும் தெரியவில்லை. இப்போது ஃபியூஸ் போனாலும், பேட்டரியே இறந்தாலும் திரை மூடும், பெரியவள் எட்டித் தள்ளினால் போதும்.

சின்னவனுக்குத்தான் குறை. மோட்டார் சத்தம் போய்விட்டதாம். அக்கா திரையைத் தள்ளும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து வாயாலேயே ‘ர்ர்ர்ர்’ என்கிறான், கொக்கி கவ்வும்வரை.