நேட்டால் போன பெரியப்பாவும் தலைக்கட்டு வரி நோட்டும்

டிஎன்ஏ சோதனைக்கு எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பிவிட்டால் சொந்தக்காரர்கள் எல்லாரும் பேரும் ஊருமாக வந்து நிற்பார்கள் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். வருவது ஒரு பட்டியல், ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் இத்தனை சென்டிமார்கன் (நமக்கும் அவருக்கும் பொதுவான டிஎன்ஏவின் அளவு) என்று ஒரு எண். எந்த வழிச் சொந்தம் என்பதை அது சொல்லாது.

என் பட்டியலில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் ஒரு அக்கா வந்தார். நாங்கள் செகண்ட் கசின், அதாவது கொள்ளுத்தாத்தா ஒருவரே, என்றது சோதனை செய்த தளம். நம் பக்கம் இதை அப்படியே நம்பவே கூடாது. எங்கள் பாட்டியின் அப்பா கட்டியது சொந்த அத்தை மகளை, பாட்டி கட்டியது தாய்மாமனை. இப்படி உள்ளுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் ஒரே மூதாதையின் டிஎன்ஏ இரண்டு மூன்று வழியில் நம்மிடம் வந்து சேர்கிறது, எண் ஏறிவிடுகிறது, எள்ளுத்தாத்தா வழிச் சொந்தம்கூட இன்னும் ஒரு தலைமுறை கிட்ட இருப்பது போலத் தெரிகிறது. நேர் எதிராகவும் நடக்கும்: தேர்ட் கசின்களில், அதாவது எள்ளுத்தாத்தா ஒருவராக இருப்பவர்களில், சுமார் பத்தில் ஒருவரோடு பொதுவான டிஎன்ஏ துண்டு எதுவுமே அகப்படாது. அதனால் வீட்டில் மூத்தவர் யாரோ, விவரம் சொல்லிச் சம்மதம் கேட்டு, அவரிடம் முதலில் எச்சில் எடுங்கள். நான் பாட்டியின் தம்பியிடம் எடுத்தேன். "எங்க பெரியப்பா ஒருத்தர் கப்பலேறிப் போயிட்டார்" என்று அவர்தான் சொன்னார்.

அப்புறம் காகிதம். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு (டர்பன் இருக்கும் தென்னாப்பிரிக்கப் பகுதி) ஒப்பந்தக் கூலியாகப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். பெரும்பகுதி சென்னையில் கப்பலேறியவர்கள், அதில் வேலூரைச் சுற்றிய பழைய வட ஆற்காடு ஜில்லாக்காரர்கள் ஏராளம். கப்பல் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம். அக்கா அந்தப் பதிவேட்டில் தன் கொள்ளுத்தாத்தா பேர் உள்ள வரியைப் படமெடுத்து அனுப்பினார்: குடியாத்தம் தாலுகா, வலது முழங்காலில் தழும்பு. கிராமத்தின் பெயரை குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார், வாய்விட்டுப் படித்தால்தான் பிடிபடும். ஜில்லாவிலும் கவனம் வேண்டும். 1911 வரை சித்தூரும் வட ஆற்காட்டில்தான் இருந்தது. போளூர், ஆரணி, வந்தவாசி எல்லாம் 1989இல் திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போயின, ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் 2019இல் பிரிந்தன. இன்றைய வேலூர் மாவட்டத்துக்குள் மட்டும் தேடினால் ஆள் கிடைக்க மாட்டார்.

எங்களுக்கு முடிச்சை அவிழ்த்தது குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டு, அதாவது கோயிலுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வரியின் கணக்கு. பங்காளிகளை எந்தத் தாத்தா வழி என்று பிரித்து எழுதி, மஞ்சள் தடவி, கோயில் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். டர்பன் பதிவேட்டில் இருந்த தகப்பன் பெயர் எங்கள் வகையறாவுக்குத் தலைப்பாக முதல் வரியிலேயே நிற்கிறது. எள்ளுத்தாத்தா ஒருவர்தான், செகண்ட் கசின் இல்லை.

ஆனால் அந்த நோட்டில் ஒரு பெண் பேர்கூட இல்லை. கட்டிக்கொடுத்த பெண்ணோடு அவள் வழியும் நம் பதிவுகளிலிருந்து போய்விடுகிறது, இது எனக்கு ரொம்பவே வலிக்கிறது. டிஎன்ஏ அந்த ஓரவஞ்சனை செய்வதில்லை, பெண்வழிச் சொந்தத்தையும் அதே பட்டியலில் காட்டுகிறது. அக்காவின் கொள்ளுப்பாட்டியும் கப்பலில் போனவர்தான், அவருடைய வரியில் வாலாஜா தாலுகா என்று இருக்கிறது, கிராமத்தின் இடத்தில் மை ஊறிப்போயிருக்கிறது. வாலாஜா, ஆற்காடு பக்கம் உங்கள் வீட்டில் நேட்டால் போன அத்தை, பாட்டி என்று யாரைப் பற்றியாவது பேச்சு உண்டென்றால் தயவுசெய்து எழுதுங்கள்.