மதுரை வக்கீல், டப்ளின் சொலிசிட்டர்

மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் நாலு வருஷம் வக்கீலாக இருந்தேன். 2018இல் கணவரின் வேலைக்காக டப்ளின் வந்தோம். இங்கேயும் கோர்ட்டுக்குப் போகலாம் என்றிருந்த எனக்கு, நம்மூர் மாதிரி ஒரே வகை வக்கீல் இங்கே கிடையாது என்பதே அப்புறம்தான் தெரிந்தது. கட்சிக்காரரோடு பேசி, பத்திரம் எழுதி, வழக்கைத் தயார் செய்பவர் சொலிசிட்டர். பெரிய நீதிமன்றங்களில் எழுந்து வாதாடுபவர் பெரும்பாலும் பாரிஸ்டர். சொலிசிட்டருக்கும் 1971 முதல் எல்லா நீதிமன்றங்களிலும் வாதாட உரிமை உண்டு. ஆட்களோடு நேரில் பழகும் வேலைதான் எனக்குப் பிடிக்கும். அதனால் சொலிசிட்டர்களுக்கான அமைப்பான லா சொசைட்டி ஆஃப் அயர்லாந்துக்கு எழுதினேன்.

சில நாட்டு வக்கீல்களுக்குத் தனியாக ஒரு மாற்றுத் தேர்வு உண்டு. நம் நாடு அந்தப் பட்டியலில் இல்லை. என் பட்டத்தைப் பார்த்துவிட்டு, சொலிசிட்டர் பயிற்சிக்கான நுழைவுத் தேர்வான எஃப்இ-1 எழுதலாம் என்றார்கள். ஒப்பந்தம், தீங்கியல், குற்றவியல், அரசமைப்பு, நிறுமம், ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், சொத்து, ஈக்விட்டி என எட்டுத் தாள். ஒவ்வொரு தாளிலும் மூன்று மணி நேரத்தில் எட்டுக் கேள்விகளில் ஐந்து. 50 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கும். ஐரிஷ் மொழித் தேர்வும் இருக்குமோ என்று பயந்திருந்தேன். அந்தக் கட்டாயத்தை 2008இலேயே எடுத்துவிட்டார்களாம்.

கொரோனாவுக்குப் பிறகு தேர்வு ஆன்லைனுக்கு மாறியிருந்ததால், குழந்தையைக் கணவரிடம் விட்டுவிட்டு, கேமரா பார்த்துக்கொண்டிருக்க, சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். அரசமைப்புச் சட்டம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனது போல இருந்தது. நம் அரசமைப்பில் உள்ள வழிகாட்டு நெறிமுறைகள், 1937ஆம் ஆண்டு ஐரிஷ் அரசமைப்பின் 45ஆம் பிரிவைப் பார்த்து எழுதப்பட்டவை அல்லவா! மதுரையில் மனப்பாடம் செய்ததன் மூலத்தை டப்ளினில் படித்தபோது உண்மையிலேயே சிலிர்த்தது.

என்னைக் கவிழ்த்தது, நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்த ஒப்பந்தச் சட்டம். நமக்கு 1872ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. மறுபயன், அதாவது ஒரு வாக்குறுதிக்குப் பதிலாகக் கொடுப்பது, வாக்குறுதி பெற்றவரிடமிருந்து வரலாம், வேறு யாரிடமிருந்தும் வரலாம் என்று அதில் பச்சையாக எழுதியிருக்கிறது. அந்த விதியை வைத்துச் சென்னை உயர் நீதிமன்றம் தீர்த்த சின்னையா எதிர் ராமையா வழக்கு நம் கல்லூரிகளில் எல்லாருக்கும் மனப்பாடம். அயர்லாந்தில் அப்படியொரு தொகுப்புச் சட்டமே இல்லை. தீர்ப்புகளிலிருந்துதான் விதியை எடுக்க வேண்டும். மறுபயன் வாக்குறுதி பெற்றவரிடமிருந்தே வந்தாக வேண்டும் என்பது இங்குள்ள விதி. தேர்வு அவசரத்தில் கை பழைய பழக்கத்தில் எழுதிவிட்டது. 44 மதிப்பெண். மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. அடுத்த முறை, தெரிந்த விதி ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘இங்கே என்ன?’ என்று எழுதி வைத்துக்கொண்டு படித்தேன். 61 வந்தது.

எட்டையும் முடித்தால் போதும் என்று நினைத்திருந்தேன். ஆனால் சொலிசிட்டர் ஒருவர் உங்களைப் பயிற்சி பெறுபவராக ஏற்றுக்கொண்டு ஒப்பந்தம் போட்டால்தான் அடுத்த படிப்பிலேயே சேர முடியும். அந்த இடத்தை நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும். அறுபதுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் அனுப்பினேன், பாதிக்குப் பதிலே இல்லை. ஓர் அலுவலகத்தில் என் பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டதோடு நேர்காணலை முடித்துவிட்டார்கள். அன்று ரயிலில் அழுதுகொண்டே வந்தேன். கடைசியில் கில்டேரில், மூன்று பேர் மட்டுமே வேலை பார்க்கும் ஓர் அலுவலகம் எடுத்துக்கொண்டது. மதுரையில் முன்சீஃப் கோர்ட்டில் தனியாக நின்றிருக்கிறேன் என்றதும் அங்கே என்னை நேர்காணல் செய்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்ததை மறக்க மாட்டேன்.

மொத்தம் 24 மாதப் பயிற்சி. வகுப்புகள் பிளாக்ஹால் பிளேஸில். ஒரு காலத்தில் பையன்கள் பள்ளிக்கூடமாக இருந்த பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டடம். 1978 முதல் சொசைட்டி அங்கேதான் இருக்கிறது.

சொலிசிட்டர் பட்டயம் வாங்கியதும் அங்கேயேதான். ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஒரு வீடு விற்பனைப் பத்திரம் என் மேஜையில் காத்திருந்தது.

இந்த வழியில் வர நினைப்பவர்கள், எட்டுத் தாளும் முடியட்டும் என்று காத்திருக்காமல் நாலு தாள் முடிந்ததுமே பயிற்சி இடம் தேட ஆரம்பித்துவிடுங்கள். நான் அப்படிச் செய்யாததால் எனக்கு ஒரு வருஷம் போனது.