ஒரே காய்ச்சல், மூன்று சம்பளப் பட்டியல்: எங்கள் பள்ளி ஃப்ளூவுக்கு ஆயத்தமான விதம்

காரைக்குடிக்கு அருகே உள்ள ஓர் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் நான் தலைமையாசிரியையாக இருக்கிறேன். ஃப்ளூ வகைக் காய்ச்சல் கொள்ளை நோயாகப் பரவினால் பள்ளி என்ன செய்ய வேண்டும் என்பதை எழுத்தில் வகுத்துத் தருமாறு எங்கள் பள்ளிக் குழு கடந்த கல்வியாண்டில் கேட்டுக்கொண்டது. கை கழுவுதல், முகக்கவசம், சன்னல்களைத் திறந்துவைத்தல் ஆகியவை கொரோனா காலத்திலேயே எல்லோருக்கும் பழகிவிட்டதால் அவற்றை எழுத அதிக நேரம் பிடிக்கவில்லை. மீதி உழைப்பு முழுவதும் இரண்டு கேள்விகளில் போயிற்று: எந்த முடிவை எடுக்க யாருக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு, ஆசிரியர்களும் பணியாளர்களும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டால் பள்ளியை யாரை வைத்து நடத்துவது. இதே வேலையைத் தொடங்கும் மற்றப் பள்ளிகளுக்குப் பயன்படலாம் என்பதால் நாங்கள் சென்ற வழியை இங்கே பதிவு செய்கிறேன்.

குழுவில் முதலில் எழுந்த கேள்வி நியாயமானது. கொள்ளை நோய் வந்தால் அரசே பள்ளியை மூடிவிடும், பிறகு திட்டம் எதற்கு? 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கு ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திரும்பி வந்தார்கள் என்பதை யாரும் மறக்கவில்லை. ஆனால் 2009 ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் பன்றிக் காய்ச்சலை உலகளாவிய கொள்ளை நோயாக அறிவித்து, 2010 ஆகஸ்ட் 10 அன்று அந்தக் கட்டம் முடிந்ததாகச் சொன்ன காலத்தில், புனே போன்ற நகரங்களில் பள்ளிகள் சிறிது காலம் மூடப்பட்டாலும், நம் பக்கத்துப் பள்ளிகள் பெரும்பாலும் நடந்துகொண்டுதான் இருந்தன. ஃப்ளூ தொற்றினால் ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் அறிகுறி தெரியும். அறிகுறிக்கு முந்தைய நாளே பிறருக்குப் பரவத் தொடங்கி, அதன் பின்னும் ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை பரவும். சிறு பிள்ளைகளிடம் இது இன்னும் நீளும். ஆசிரியர் ஓய்வறையில் ஒருவர் இருமத் தொடங்கினால் அதே வாரத்தில் நான்கைந்து விடுப்பு விண்ணப்பங்கள் வரும் என்று பொருள். ஆகவே பள்ளி திறந்திருக்கும், ஆள் மட்டும் இருக்கமாட்டார்கள் என்ற நிலையையே நாங்கள் முதன்மையாக எடுத்துக்கொண்டோம். 1957 மே மாதத்தில் ஆசியக் காய்ச்சல் என்ற ஃப்ளூ சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பல் வழியாகத்தான் இந்தியாவுக்குள் நுழைந்தது என்று நான் சொன்னபோது, மலேயாவிலும் பர்மாவிலும் கொண்டுவிற்று வணிகம் செய்த குடும்பங்களின் வழிவந்த உறுப்பினர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

தேவகோட்டையில் வழக்கறிஞராக இருக்கும் எங்கள் பழைய மாணவர் ஒருவர் சட்டப் பகுதியைச் சரிபார்க்க முன்வந்தார். அவர் வற்புறுத்தியதெல்லாம் ஒன்றே: "டீச்சர், ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே அது யார் கையெழுத்தில் வரணும்னு எழுதுங்க." அப்படி எழுதப் புகுந்தபோது பல தெளிவுகள் பிறந்தன. 1897ஆம் ஆண்டின் கொள்ளை நோய்கள் சட்டமும் 1939ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டமும் நோய்த்தடுப்பு ஆணைகளைப் பிறப்பிக்கும் அதிகாரத்தை அரசுக்கும் அதன் அலுவலர்களுக்கும் தருகின்றன. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்ட ஆட்சியரின் தலைமையில் இயங்கும் மாவட்ட ஆணையத்துக்கு அதைவிட விரிவான அதிகாரத்தைத் தருகிறது. அதன் ஆணையை மீறினால் 51ஆம் பிரிவின்படி சிறைத் தண்டனை வரை உண்டு. ஆகவே நோயைக் காரணம் காட்டிப் பள்ளியைக் காலவரையின்றி மூடுவது தாளாளரின் அல்லது என்னுடைய முடிவாக இருக்க முடியாது. எங்களால் முடிவது, கல்வி அலுவலகத்தின் அனுமதியோடு உள்ளூர் விடுமுறை விட்டு அதைச் சனிக்கிழமைகளில் ஈடுசெய்வதுதான். அப்படி ஈடுசெய்யும்போதும் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்களும், ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு 220 நாட்களும் கேட்கிறது என்பதைக் கணக்கில் வைக்க வேண்டியிருந்தது.

இதே பேரிடர் சட்டத்தின் 65ஆம் பிரிவு, கட்டடங்களையும் வாகனங்களையும் அரசு தன் தேவைக்கு எடுத்துக்கொள்ள வழி செய்கிறது. 66ஆம் பிரிவு அதற்கான இழப்பீட்டைச் சொல்கிறது. செட்டிநாட்டில் பல பள்ளிகள் பெரிய வளாகத்தோடும் அகன்ற தாழ்வாரங்களோடும் இருப்பதால், நோய் கடுமையானால் அவை தனிமைப்படுத்தும் இடமாகக் கேட்கப்படும் வாய்ப்பு அதிகம். கேட்டால் மறுப்பதற்கில்லை என்பதால், ஆய்வகத்தையும் மாணவர் பதிவேடுகள் உள்ள அறையையும் தனியாகப் பூட்டி ஒப்படைப்பதற்கான முறையை மட்டும் எழுதிவைத்தோம். அதைப் போலவே கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஆசிரியர்களை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் நிவாரணம் ஆகியவை தவிர வேறு கல்விசாராப் பணிக்கு அனுப்பக்கூடாது என்கிறது. பேரிடர் நிவாரணம் விலக்குக்குள் இருப்பதால், நோய் உச்சத்தில் இருக்கும்போதே எங்களில் சிலர் களப்பணிக்கு அழைக்கப்படலாம். காய்ச்சலில் படுத்தவர்களை மட்டும் எண்ணிப் போடும் ஆள்கணக்கு இதனால் எப்போதும் குறைவாகவே வரும்.

எங்களுக்கு அதிக உழைப்பு கேட்டது விடுப்பும் சம்பளமும்தான். எங்கள் பள்ளியில் மூன்று சம்பளப் பட்டியல்கள் இருக்கின்றன: அரசு ஊதியம் பெறும் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் இருப்பவர்கள், நிர்வாகம் ஊதியம் தரும் ஆசிரியர்கள், நாள் கூலியிலும் ஒப்பந்தத்திலும் வரும் துப்புரவுப் பணியாளர்களும் வாகன ஓட்டுநர்களும். முதல் பிரிவினருக்கு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பும், ஈட்டிய விடுப்பும், மருத்துவச் சான்றின் பேரிலான ஈட்டா விடுப்பும் உண்டு. காய்ச்சல் வந்தால் அவர்கள் தயங்காமல் வீட்டில் இருப்பார்கள். மூன்றாம் பிரிவினருக்கு வராத நாளுக்குக் கூலி கிடையாது. இரண்டாம் பிரிவினருக்கு எங்கள் வழக்கப்படி மாதத்துக்கு ஒரு நாள் விடுப்பு. அதற்கு மேல் சம்பளப் பிடித்தம்.

நிர்வாக ஆசிரியர்களில் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவர்கள் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குள் வருகிறார்கள் என்பதால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது என்று குழுவில் ஒருவர் சொன்னார். விதியைப் படித்தபோது அது தீரவில்லை. நோய்க்கால உதவித்தொகை ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை. ஆனால் ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்குப் பங்களிப்புச் செலுத்தியிருக்க வேண்டும், மருத்துவச் சான்று வேண்டும், பொதுவாக முதல் இரண்டு நாட்கள் காத்திருப்புக் காலமாகக் கழிந்துவிடும். ஃப்ளூ ஒருவரை ஒரு வாரம் போலத்தான் வீட்டில் வைக்கிறது. அந்த வாரத்தில் இரண்டு நாட்களுக்கு ஒன்றும் கிடையாது, மற்ற நாட்களுக்கு எழுபது சதவீதம், அதுவும் பின்னால் வரும் என்றால், வாடகை கட்ட வேண்டிய ஓர் ஆசிரியை மாத்திரை போட்டுக் காய்ச்சலை அடக்கிக்கொண்டு வகுப்புக்கு வருவதைக் குறை சொல்ல முடியாது. பள்ளியை நடத்தும் அறக்கட்டளையின் அறங்காவலர்களில் மூத்தவரான ஆச்சி ஒருவர் கணக்கு முழுவதையும் கேட்டுவிட்டு, "சம்பளத்தைப் பிடிச்சா காய்ச்சலோடதானே வருவாக, வந்து பிள்ளைகளுக்குக் குடுத்துட்டுத்தானே போவாக" என்றார். விவாதம் அத்தோடு முடிந்தது.

முடிவாக, அரசு கொள்ளை நோய் என்று அறிவித்துள்ள காலத்தில் காய்ச்சலோடு இருமல் அல்லது தொண்டை வலி உள்ள எந்தப் பணியாளரும் ஏழு நாட்கள் வரை மருத்துவச் சான்று இல்லாமல் வீட்டில் இருக்கலாம், இரண்டாம் மூன்றாம் பிரிவினருக்கு அந்த நாட்களின் ஊதியக் குறையை அறக்கட்டளை ஈடுசெய்யும் என்று தீர்மானம் எழுதினோம். சான்று கேட்காததற்குக் காரணம், சாதாரணக் காய்ச்சல்காரர்கள் சான்றுக்காகவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்றால் அங்கேயும் பரவும், மருத்துவரின் நேரமும் போகும் என்பதுதான். இதைச் சிலர் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்ற அச்சத்தை நான் மறுக்கவில்லை. காய்ச்சலோடு வருபவர் ஏற்படுத்தும் நட்டம் அதைவிடப் பெரிது என்பது என் கணிப்பு. ஆனால் நலமாக இருப்பவரை "வீட்டில் யாருக்கோ காய்ச்சல், நீங்கள் வராதீர்கள்" என்று நாங்களே நிறுத்தினால் அது அவருடைய விடுப்பில் கழியக்கூடாது என்று வழக்கறிஞர் தனியாக ஒரு வரி சேர்க்கச் சொன்னார்; அதையும் சேர்த்தோம்.

கர்ப்பிணிகள், ஆஸ்துமா, சர்க்கரை நோய், இதய நோய் உள்ளவர்கள் ஃப்ளூவில் அதிக ஆபத்துக்கு உள்ளாகிறார்கள். ஓய்வு பெறும் வயது 60 ஆன பிறகு அப்படிப்பட்டவர்கள் எங்கள் ஆசிரியர்களிடையே கூடியிருக்கிறார்கள். அவர்களைப் பட்டியல் எடுக்கலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. நோயைச் சொல்லும்படி கட்டாயப்படுத்துவதும், கேட்காமலேயே வகுப்பிலிருந்து விலக்குவதும் வேறு சிக்கல்களைக் கொண்டுவரும். விரும்பியவர்கள் மட்டும் ஒரு தாளில் எழுதி உறையில் ஒட்டித் தந்தார்கள். அந்த உறைகள் அலுவலகத்தில் நிறுவனர் காலத்து இரும்புப் பெட்டியில், வினாத்தாள் கட்டுகளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அறிவிப்பு வந்த பிறகே, அவரவர் ஒப்புதலோடு, அவர்களுக்குக் கூட்டம் குறைந்த பணி தர அவை பிரிக்கப்படும்.

பாடவேளைக்கு வந்தோம். நான்கில் ஒருவர், மூன்றில் ஒருவர், பாதிப்பேர் வராவிட்டால் என்று மூன்று அட்டவணைகளைத் தயாரித்தோம். முதல் நிலையில் ஓய்வு வேளைகளை எடுத்துக்கொண்டாலே சமாளிக்கலாம். இரண்டாம் நிலையில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்கள் மட்டும் முழுமையாக நடக்கும். மற்ற வகுப்புகளுக்குப் பாதிப் பாடமும் பாதி மேற்பார்வையும். வகுப்புகளைச் சேர்த்து ஒரே அறையில் அடைப்பது நோய்க்கு வசதி செய்வதாகும் என்பதால் சேர்க்கும் வகுப்புகள் மரத்தடியிலும் தாழ்வாரத்திலும் அமரும். மூன்றாம் நிலையில் வகுப்புகளை மாற்றி மாற்றி வரச் செய்ய வேண்டும். அதற்குக் கல்வி அலுவலகத்தின் ஆணை தேவை.

மாற்று ஆள் தேடியதில் ஒவ்வொரு வழியிலும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் அன்போடு முன்வந்தார்கள், ஆனால் வயதால் அவர்களே ஆபத்துப் பிரிவில் இருக்கிறார்கள். பக்கத்துப் பள்ளியிலிருந்து ஆசிரியரை வாங்கலாம் என்றால், அரசு ஊதியம் பெறுபவருக்கு மாற்றுப் பணி ஆணையைத் துறைதான் தர வேண்டும். ஊரில் பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பழைய மாணவிகள் பலர் உண்டு; எட்டாம் வகுப்பு வரை ஆசிரியராக நியமிக்கத் தகுதித் தேர்வு தேர்ச்சி வேண்டும் என்பதால் அவர்களை மேற்பார்வைக்கு மட்டும், காவல்துறைச் சரிபார்ப்புக்குப் பிறகு, எப்போதும் ஒரு ஆசிரியரின் பார்வைக்குள் இருக்குமாறு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அந்தச் சரிபார்ப்பு நாள் பிடிக்கும் வேலை. அதனால் காய்ச்சல் வரும் வரை காத்திராமல் இப்போதே செய்துவைத்தோம்.

சத்துணவுப் பணியாளர்கள் சமூக நலத் துறையைச் சேர்ந்தவர்கள். அமைப்பாளர் படுத்துவிட்டால் நாங்கள் வேறொருவரை நியமிக்க முடியாது. ஒன்றிய அலுவலகத்தில் கேட்டபோது பக்கத்து மையத்து அமைப்பாளருக்குக் கூடுதல் பொறுப்பு தரப்படும் என்றார்கள். உணவு தர முடியாத பள்ளி நாட்களுக்கு உணவுப் பாதுகாப்புப் படி தர வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் மதிய உணவு விதிகள் சொல்வதையும் திட்டத்தில் குறித்தோம். பள்ளி வாகனத்துக்கு 2012ஆம் ஆண்டின் சிறப்பு விதிகள் பொருந்தும். யார் கையில் உரிமம் இருந்தாலும் ஓட்டட்டும் என்று விட முடியாது என்பதால் மாற்று ஓட்டுநர் ஒருவரின் ஆவணங்களை முன்கூட்டியே வாங்கிவைத்தோம்.

வகுப்பில் காய்ச்சல் தெரியும் பிள்ளை பெற்றோர் வரும் வரை அலுவலகத்தை ஒட்டிய திறந்த தாழ்வாரத்தில் முகக்கவசத்தோடு அமர்ந்திருக்கும். அங்கே தனியாக ஒருவர் மட்டும் பிள்ளையோடு இருக்கக்கூடாது, எல்லோர் பார்வையிலும் இருக்க வேண்டும் என்பது பிள்ளைப் பாதுகாப்பு விதி. வீட்டுக்கு அனுப்புவது தண்டனையாகிவிடக்கூடாது என்பதால், காய்ச்சலுக்காக விட்ட நாட்களைக் காட்டி யாருக்கும் தேர்வையோ வருகைக்கான பரிசையோ மறுக்கமாட்டோம். எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்ற பெயரை வாட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது. இதை எழுதுவது எளிது; வகுப்பாசிரியர்களைப் பழக்குவதற்குத்தான் நேரம் ஆகிறது. ஒரே வகுப்பில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் காய்ச்சல் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எண்ணிக்கை மட்டும் தெரிவிக்கப்படும்.

எங்கள் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று இருந்தது. அறங்காவலர்களில் சிலர் சென்னையில், சிலர் சிங்கப்பூரில். எல்லோரும் கூடுவது ஒரு கல்யாணத்திலோ கோயில் திருவிழாவிலோதான். நோய்க் காலத்தில் பயணமும் நின்றுவிட்டால் காசோலையில் கையெழுத்திடவும், வாரச் செலவுக்கு ஒப்புதல் தரவும் ஆள் இருக்காது. ஆகவே தாளாளர் இல்லாதபோது செயலர், அவரும் இல்லாதபோது நான், எனக்கும் முடியாவிட்டால் மூத்த முதுகலை ஆசிரியர் என்ற வரிசையும், ஒவ்வொருவருக்கும் உரிய செலவு வரம்பும் தீர்மானமாகி, வங்கியிலும் பதிவாகிவிட்டன. சம்பளப் பட்டியல் தயாரிப்பது இத்தனை ஆண்டுகளாக ஒரே எழுத்தரின் கையில் இருந்தது. இப்போது இளநிலை உதவியாளர் அவரோடு உட்கார்ந்து மாதந்தோறும் கற்றுக்கொள்கிறார்.

திட்டம் பள்ளிக் குழுவில் நிறைவேறி, கல்வி அலுவலகத்துக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் பிரதி போயிற்று. வகுப்புகளை மாற்றி மாற்றி நடத்துவதற்கு முன் அனுமதி கேட்ட பத்திக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. அதனால் அந்தப் பத்தி "துறையின் ஆணைக்கு உட்பட்டு" என்ற குறிப்போடு நிற்கிறது. பணியாளர் பெயர்களும் தொலைபேசி எண்களும் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் புதுப்பிக்கப்படும்.